அக்டோபர் வெயிலுக்கு ஒரு ஜே!

மும்பையில் அக்டோபரைத் திட்டாத ஆள் உண்டா? லோக்கல் ரயிலில் ஏறினால் திட்டுகிறார்கள், வடாபாவ் கடையில் திட்டுகிறார்கள், செம்பூர் ஸ்டேஷன் வாசலில் ஷேர் ஆட்டோவுக்கு நிற்கிறவர் கர்ச்சீப்பைப் பிழிந்துகொண்டே திட்டுகிறார். நான் மட்டும் பக்கத்தில் இளித்துக்கொண்டு நிற்கிறேன். எனக்கு இந்த மாதம் பிடிக்கும். சும்மா பிடிக்கும் இல்லைங்க, பைத்தியம். வருஷத்தின் மற்ற மாதங்களையெல்லாம் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொண்டு போங்கள், புரட்டாசிப் பிற்பாதியிலிருந்து ஐப்பசி முடிகிற வரைக்கும் எனக்கு விட்டுவிடுங்கள், போதும். ஊர் சுற்றக் கேட்கவில்லை, வீட்டோடு கிடக்கத்தான் கேட்கிறேன்.

ஜூன் 11 வாக்கில் வந்து இறங்குகிற மழை அக்டோபர் 8 வாக்கில் மூட்டையைக் கட்ட வேண்டும் என்பது வானிலைத் துறையின் கணக்கு. முன்பெல்லாம் செப்டம்பர் கடைசிதான் கெடு. 2020-இல்தான் தேதியைத் தள்ளிப் போட்டார்கள். இடைப்பட்ட நான்கு மாதத்தில் 2000 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டித் தீர்த்துவிட்டு அது கிளம்பியதும், மேகம் விலகும், தரை மட்டும் ஈரமாகவே கிடக்கும், காற்று கிழக்கே நிலத்துப் பக்கமிருந்து வீசும், கடல்காற்று மத்தியானம் வரைக்கும் எட்டிப் பார்க்காது. ஆக, 35, 36 டிகிரி. ஒப்புக்கொள்கிறேன், கொஞ்சம் வேர்க்கும்.

ஆனால் வீட்டுக்குள் என்ன நடக்கிறது என்று பாருங்கள்! ஜூலையில் ஊறிப் பருத்து, தோளால் முட்டித் தள்ளினாலும் மூடாத பாத்ரூம் கதவு ஒரு நாள் காலையில் சத்தமே இல்லாமல் போய்ப் பொருந்துகிறது. உப்பு ஜாடியைக் கவிழ்த்தால் உப்பு கொட்டுகிறது. பீரோவைத் திறந்தால் பூஞ்சை வாடை இல்லை. ரஜாய், தலையணை, பட்டுப்புடவை எல்லாம் வெயில் காயப் போகின்றன, சாயங்காலம் தலையணையில் முகத்தைப் புதைத்தால் வெயில் வாசனை. அந்த நேரம் பார்த்துத்தான் பாளையங்கோட்டையிலிருந்து சித்தப்பா போன் போடுவார்: "இங்க அடைமழைடே, கொடியில போட்ட துணி காய மாட்டேங்கு." அவருக்கு ஐப்பசி மழை, எனக்கு ஐப்பசி வெயில். பாவம் சித்தப்பா என்று வாய் சொல்லும், மனசு கெக்கலி கொட்டும்.

இப்போது ஜன்னலுக்கு வாருங்கள். மும்பைக்காரனுக்குத் தோட்டம் என்றால் ஜன்னலுக்கு வெளியே துருத்திக்கொண்டு நிற்கிற கம்பிக் கிரில் பெட்டிதான். எங்களுடையதில் தொட்டிகளும் பெயிண்ட் டப்பாக்களும் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நிற்கும். மழைக்காலம் பூராவும் அங்கே காசித்தும்பையின் ராஜ்ஜியம். ரோஸ், வெள்ளை, கத்திரிப்பூ நிறம். கணபதியோடு வருகிற கௌரிக்கு எதிர்வீட்டு ஆஜி (மராத்திப் பாட்டி) எங்கள் ஜன்னலில் இருந்துதான் பறித்துப் போவார். அக்டோபர் பிறந்ததும் அத்தனையும் வாட ஆரம்பிக்கும். தண்டு சாயும், அடி இலை மஞ்சளாகும், செம்பருத்தியில் மாவுப்பூச்சி வெள்ளை வெள்ளையாக அப்பும், சங்குப்பூக் கொடியில் பூவைவிடக் காய்ந்த நெற்று அதிகமாகிவிடும். பார்க்கிறவர்கள் "ஐயோ, செடியெல்லாம் போச்சே" என்பார்கள். போகட்டுமே! எனக்கு இந்த வாடல்தான் வேண்டும். ஏன் தெரியுமா?

காசித்தும்பைக் காய் முற்றியிருக்கிறது, அதனால்தான்! பார்த்ததில்லை என்றால் இதைக் கொஞ்சம் கற்பனை செய்யுங்கள். பூனைமுடி படர்ந்த, வயிறு உப்பிய, சுண்டுவிரல் நுனியளவு பச்சைக் காய். இருக்கிற இடம் தெரியாமல் இலைக்கடியில் தொங்கும். முற்றிவிட்டதென்றால் பச்சையில் லேசாக ஒரு மஞ்சள் ஓடியிருக்கும். ஒரு விரலை, ஒரே ஒரு விரலை, பட்டும் படாமலும் வைக்கிறீர்கள். டப்! காய் வெடித்துச் சுருண்டு உங்கள் விரலைக் கவ்வுகிறது, பழுப்பு விதைகள் தெறித்துக் கண்ணாடியில் 'கிணிங்' என்று மோதி, ஒன்று காபி டம்ளரில், ஒன்று சட்டைப் பையில், மிச்சம் கீழ்வீட்டுக் கிரில்லில். உள்ளங்கையைக் குவித்து மூடிக்கொண்டு வெடிக்கவிட்டால் கைக்குள்ளே ஒரு கிச்சுக்கிச்சு வரும் பாருங்கள், தலைநரைத்த மனுஷன் நான், ஒவ்வொரு தடவையும் சத்தம் போட்டுச் சிரித்துவிடுகிறேன். ஆபீஸுக்குக் கிளம்பி, ஷூவெல்லாம் மாட்டிய பிறகு, 'இன்னும் ஒரே ஒரு காய்' என்று திரும்பி வந்து, 8:40 ரயிலை விட்டுவிட்டு, அடுத்ததில் தொங்கிக்கொண்டு போயிருக்கிறேன். வருத்தமே கிடையாது.

அதே ஜன்னலில் நின்றால் தும்பிகள். மழை விலகுகிற சமயத்தில் காம்பவுண்டுக்கு மேலே மஞ்சள் தும்பிகள் கூட்டம் கூட்டமாகச் சுற்றும். ஊர்க்கோடியில் சுற்றுகிற சாதாரணத் தும்பி என்று நினைத்துவிடாதீர்கள். சார்லஸ் ஆண்டர்சன் என்று மாலத்தீவில் இருந்த ஓர் உயிரியலாளர், இந்த இனத் தும்பிகள் அக்டோபரில் அங்கே வந்து இறங்குவதைக் கவனித்துக் குறித்துவைத்து, இவை இந்தியாவிலிருந்து கடல் தாண்டி ஆப்பிரிக்காவுக்கே போகின்றன என்று 2009-இல் எழுதினார். விரல் நீளம்கூட இல்லாத பூச்சி, இந்தியப் பெருங்கடல்! செம்பூரில் காபி டம்ளரோடு நிற்கிற எனக்கு நெஞ்சு விம்முகிறது.

சரி, விதைக்கு வருவோம். விதை எடுத்தாயிற்று, செடியைப் பிடுங்கியாயிற்று, தொட்டியில் மண் மிஞ்சுகிறது. (தொட்டிக்கு அடியில் இருக்கும் தட்டில் தேங்கின தண்ணீரைக் கொட்டிவிடுங்கள், டெங்கு சீசன்.) இந்த மண் இருக்கிறதே, இதுதான் எங்கள் வீட்டு அக்டோபரின் கதாநாயகன். நான் தாராவியில் பிறந்தவன். எங்கள் ஒற்றை அறைக் கோலியில் கொலு வைக்கிற வழக்கம் கிடையாது, வைப்பதென்றாலும் படியை எங்கே போடுவது, ஆள் படுக்க இடம் வேண்டாமா? தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து பெண் எடுத்தேன், மரப்பாச்சி ஜோடியோடு கொலுவும் வந்து இறங்கியது. பொம்மை அடுக்குவதில் எனக்கு இன்றைக்கு வரைக்கும் அனுமதி இல்லை. "நீங்க கீழ பார்க்கைப் பாத்துக்கோங்க" என்று ஒதுக்கிவிட்டாள். ஆஹா, அதைவிட வேறென்ன வேண்டும்!

மண்ணை மாவுச் சல்லடையில் சலிப்பேன் (வீட்டில் சொல்லாதீர்கள்). பெரிய தாம்பாளத்தில் பரப்பி, கடுகும் கேழ்வரகும் தூவி, ஈரத்துணி மூடி வைத்தால், ரெண்டொரு நாளில் துணி லேசாக மேலே தூக்கியிருக்கும். தூக்கிப் பார்த்தால் வெளுத்த தண்டும் இரட்டை இலையுமாகக் கடுகு கூட்டம் கூட்டமாகத் தலையை நீட்டுகிறது. வெயிலில் வைத்தால் ஒரே பகலில் பச்சை ஏறும். அதில் கண்ணாடித் துண்டுக் குளம், தீப்பெட்டி பெஞ்சு, ஐஸ் குச்சி வேலி, வேலிக்கு வெளியே அட்டையில் நானே வெட்டி ஒட்டிச் சிவப்பு பெயிண்ட் அடித்த 'பெஸ்ட்' டபுள் டெக்கர் பஸ். அந்தப் பழைய டீசல் டபுள் டெக்கருக்கு மும்பை 2023 செப்டம்பரில் மாலை போட்டு விடை கொடுத்துவிட்டது, எங்கள் பார்க்கில் மட்டும் இன்னும் சர்வீஸில் இருக்கிறது. கொலு பார்க்க வருகிற மாமிகள் மேல்படியில் தசாவதாரத்தைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொள்கிறார்கள். அவர்களோடு வருகிற வாண்டுகள் நேரே பஸ்ஸிடம் வந்து குந்துகிறார்கள். எனக்கு ஏற்படுகிற கர்வத்தை என்னவென்று சொல்ல!

நவராத்திரியில் மாட்டுங்காவுக்கு ஒரு நடை போகாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. ஆட்டோ சயனோடு நின்றுவிடும், அதற்கப்பால் டாக்ஸி அல்லது பஸ். கிங்ஸ் சர்க்கிளில் இறங்கி நடந்தால் முதலில் மூக்குக்குத்தான் தெரியும் மாட்டுங்கா வந்தது: மல்லி, மரிக்கொழுந்து, வறுபடுகிற காபிக்கொட்டை. ஆஸ்திக சமாஜம் பக்கம் பூக்கடைக்காரர்கள் தமிழிலேயே பேரம் பேசுகிறார்கள். இன்றைக்குச் சென்னையில் கிளை விரித்திருக்கிற கிரி டிரேடிங் பிறந்ததே இந்த மாட்டுங்காவில்தான், சொல்லிக்கொள்ள எங்களுக்கு ஒரு பெருமை. வாழையிலையும் வெற்றிலையும் மஞ்சள் கிழங்கும் வாங்கிக்கொண்டு, 1940-இலிருந்து தோசை வார்க்கிற கஃபே மெட்ராஸ் வரிசையைப் பார்த்துப் பெருமூச்சு விட்டு, திரும்பிவிடுவேன். வீட்டில் வேலை காத்திருக்கிறது.

என்ன வேலை? தாம்பூலப் பை! கடையில் பிளாஸ்டிக் டப்பாவும் ஸ்டீல் கிண்ணமும் அடுக்கி வைத்திருக்கிறார்கள், வாங்கிக் கொடுத்துவிட்டுப் போகலாம். என் மாமியாரின் நைந்த பட்டுப்புடவை ஒன்று மடிப்பில் கிழிந்து போய் மூலையில் கிடந்தது. அரக்கு உடல், பச்சைக் கரை. அதை வெட்டி மனைவி சுருக்குப்பை தைத்தாள், கரை ஒவ்வொரு பையின் வாயிலும் ஜரிகை ஓடுகிற மாதிரி பார்த்துப் பார்த்து. உள்ளே வெற்றிலை, பாக்கு, மஞ்சள், குங்குமம், ஒரு சில்லறை. அப்புறம் என் பங்கு. தினசரிக் காலண்டரில் கிழித்த தாள்களை நான் தூக்கிப் போடுவதே இல்லை; ராகு காலம், எமகண்டத்தோடு பத்திரமாக வைத்திருப்பேன். அந்தத் தாளைக் குறுக்கே மடித்து, இரண்டு பக்கக் காதையும் உள்ளே செருகினால் பசையே இல்லாமல் ஒரு பொட்டலம். அதற்குள் ஒரு சிட்டிகை காசித்தும்பை விதை, இன்னொன்றில் சங்குப்பூ விதை. மேலே பேனாவால்: 'முதல் மழைக்கு விதைக்கவும்'.

முதல் வருஷம் இதைப் பார்த்துப் பக்கத்து வீட்டு மாமி கேட்டார்: "இது என்னடாப்பா, மருந்துப் பொட்டலமா?" எல்லாரும் சிரித்தார்கள், நானும்தான். ஆனால் அடுத்த ஜூலையில் நடந்ததைக் கேளுங்கள். விடாத மழை, பால் வாங்கக் குடையோடு இறங்கினேன், எதேச்சையாக நிமிர்ந்து பார்க்கிறேன், பி விங் ரெண்டாவது மாடியில் ரோஸ் பூ, அதற்கு மேலே வெள்ளை, ஏ விங் மூலையில் கத்திரிப்பூ நிறம், வாட்ச்மேன் கூண்டுக்குப் பக்கத்தில் எண்ணெய் டப்பாவில் ஒன்று, என்னுடையவை, அத்தனையும் என்னுடைய விதைகள், கிழிந்த புடவையில் சுற்றி எங்கள் வீட்டு வாசலைத் தாண்டிப் போனவை, மழையில் நனைந்துகொண்டு ஒவ்வொரு கிரில்லிலும் தலையாட்டுகின்றன, நான் குடையை மடக்கிவிட்டு வாயைப் பிளந்துகொண்டு நடுக் காம்பவுண்டில் சொட்டச் சொட்ட நிற்கிறேன், பால் பாக்கெட்டை நெஞ்சோடு கட்டிக்கொண்டு! வாட்ச்மேன் ஓடி வந்து "சாப், தபியத் டீக் ஹை?" என்று, உடம்புக்கு ஏதோ ஆகிவிட்டது என்ற பயத்தில் கேட்டார். ஐயா, இதைவிட நல்ல தபியத் எனக்கு வாய்த்ததில்லை.

தசரா அன்று இன்னொரு கூத்து. முதல் நாள் விடியற்காலை தாதர் பூ மண்டிக்குப் போனால் கேந்திப்பூ குவியல்களுக்கு நடுவே நடக்க வழி இருக்காது. பூவோடு மாவிலையும் நெற்கதிரும் சேர்த்துக் கட்டுகிற தோரணம் இங்கே வீட்டுக்கு வீடு உண்டு. கதிரைத் தொட்டால் நெல்மணி கரகரக்கும். சாயங்காலம் மராத்தி அக்கம்பக்கம் வந்து ஆப்டா இலையைக் கையில் வைத்து 'இந்தா தங்கம்' என்று கொடுக்கிறார்கள். இரட்டையாகப் பிளந்த, சொரசொரத்த ஒரு சாதாரண இலை. அது நம்ம ஆத்தி மரத்து இலை என்றும், சோழன் சூடிய மாலை ஆத்திப்பூதான் என்றும் கண்டுபிடித்த நாளிலிருந்து, கொடுக்க வருகிற ஒவ்வொருவரையும் உட்கார வைத்துச் சோழர் வரலாறு சொல்லிக்கொண்டிருக்கிறேன். எதிர்வீட்டு ஆஜி இப்போதெல்லாம் இலையைக் கொடுத்த கையோடு ஓடிவிடுகிறார். ஐந்தாம் நாள் கோஜாகிரி பௌர்ணமி: மொட்டை மாடியில் குங்குமப்பூவும் ஏலக்காயும் போட்ட பால், அதில் நிலா விழுகிற வரைக்கும் காத்திருந்து குடிப்பது. சொன்னால் புரியாது, ஒரு வருஷம் வந்து குடியுங்கள்.

கொலு இறங்கியதும் என் பார்க்கைக் கலைக்க வேண்டுமே என்ற துக்கம் எனக்கு இல்லை. முளைத்த கடுகுக் கீரையைக் கத்தரித்துத் தேங்காய் போட்டுத் துவட்டிச் சாப்பிட்டுவிடுவோம். மண்? அதற்குத்தான் சொசைட்டிப் பிள்ளைகள் வாசலில் வந்து நிற்கிறார்களே! மராத்திக் குழந்தைகள் தீபாவளிக்கு மண்ணால் கோட்டை கட்டுவார்கள், சிவாஜி மகாராஜாவின் கோட்டை. கல்லும் செங்கல்லும் அடுக்கி, சாக்கைப் போர்த்தி, சேறு பூசி, படிக்கட்டு செதுக்கி, சரிவில் விதை தூவிப் புல் முளைக்க வைத்து, உச்சியில் சிவாஜி பொம்மை, கீழே மாவளா வீரர்கள். காசித்தும்பை வளர்ந்த மண், கொலுவில் பார்க்காக இருந்த மண், இப்போது ராய்கட்! எங்கள் வீட்டுச் சின்னவள் முழங்கை வரை சேறோடு நின்று மராத்தியில் கட்டளை போடுகிறாள். நான் அவளுக்குச் சித்தாள்.

இனிமேல்தான் முக்கியமான விஷயம். மூச்சைப் பிடித்துக்கொள்ளுங்கள், கும்பார்வாடாவுக்குப் போகிறோம்.

தாராவி 90 அடி ரோட்டில் இறங்கி உள்ளே திரும்பினால், சௌராஷ்டிரத்திலிருந்து வந்த குயவர்களின் சந்துகள். நான் பிறந்த வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். சின்ன வயதில் பந்து பொறுக்கப் போய்ப் பானையை உடைத்து ஓடின சந்துகள் இவை, இப்போது யாத்திரை மாதிரி போகிறேன். சந்தின் நடுவில் சூளை, இரண்டு பக்கமும் வீடு. வீட்டுக்கு முன்பக்கம் பட்டறை, பின்பக்கம் குடித்தனம். பழந்துணிக் கழிவைப் போட்டு எரிக்கிறார்கள், புகை கண்ணைக் கரிக்கும், அதையெல்லாம் குறை என்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். இங்கேதான் நான் அக்டோபர் வெயிலைக் கும்பிடக் கற்றுக்கொண்டேன். மழையில் அகல் காயாது. ஈரத்தோடு சூளைக்குப் போனால் விரிசல் விடும், வெடிக்கும். இந்த நகரம் பூராவும் சபிக்கிற அதே வெயிலில், சந்தில், திண்ணையில், படிக்கட்டில், மொட்டை மாடியில், கால் வைக்க இடமில்லாமல் சாக்கு விரித்து அகல், அகல், அகல். பச்சை மண் நிறம், ஓரம் மட்டும் வெளுக்க ஆரம்பித்திருக்கும்.

ஒரு பெரியவர் சக்கரத்தில் உட்கார்ந்திருக்கிறார். மோட்டார் சக்கரம், லேசான உறுமல். அவர் முன்னால் முழங்கால் உயரத்துக்கு ஒரே களிமண் குன்று சுழல்கிறது. கவனிங்க, கண்ணைச் சிமிட்டாதீங்க! ஈரக் கை குன்றின் உச்சியைத் தொடுகிறது, கட்டைவிரல் நடுவில் இறங்குகிறது, குழி விழுகிறது, விளிம்பு மலர்கிறது, சுண்டுவிரல் ஒரு அழுத்து, மூக்கு வந்தாயிற்று, நூல் ஒரு இழுப்பு, அகல் அறுபட்டுப் பலகையில் உட்கார்ந்துவிட்டது, கை அதற்குள் அடுத்த அகலில் இருக்கிறது, நான் 'அட' என்று வாய் திறப்பதற்குள் அதுவும் பலகைக்கு வந்துவிட்டது, குன்று குறைகிறது, பலகை நிறைகிறது, எதற்கும் அளவு கிடையாது, கண் எங்கேயோ தெருவைப் பார்க்கிறது, பேரனிடம் குஜராத்தியில் ஏதோ சத்தம் போடுகிறார், கை பாட்டுக்கு ஒரே மாதிரி, ஒரே மாதிரி, ஒரே மாதிரி! நான் கைதட்டிவிட்டேன். நிஜமாகவே கைதட்டினேன், சந்து பூராவும் திரும்பிப் பார்த்தது. பெரியவர் சிரித்துக்கொண்டே ஒரு பச்சை அகலை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். சில்லென்று, கனமாக, அவருடைய விரல் ரேகை விளிம்பில் அப்படியே.

சாயம் பூசி, ஜிகினா ஒட்டி, டப்பாவில் போட்டதும் அங்கே கிடைக்கும். நான் வாங்குவது வெறும் சுட்ட அகல். பட்டறைப் பெண்மணி செய்தித்தாளில் சுருட்டிச் சுருட்டிக் கொடுத்தபடி "ரங்க் வாலா நஹீ சாஹியே?" என்று சந்தேகத்தோடு கேட்பார். வேண்டாம் பென், சாயமெல்லாம் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்! வீட்டுக்கு வந்து பக்கெட் தண்ணீரில் போட்டதும் ஒரு சத்தம் வரும், காதைக் கிட்டே கொண்டுபோங்கள்: 'ஸ்ஸ்ஸ்' என்று ஒவ்வொரு அகலும் தண்ணீர் குடிக்கிறது, பொடிப்பொடியாகக் குமிழி மேலே வருகிறது, மண்வாசனை ஹால் பூராவும். ராத்திரி முழுக்க ஊறினால்தான் பிறகு எண்ணெயை இழுக்காது. மறுநாள் காயவைத்து, காவி பூசி, பல்குத்தும் குச்சியின் நுனியால் வெள்ளைப் புள்ளி, புள்ளியைச் சுற்றி இழை. என் கை நடுங்கும், இழை கோணும், அந்தக் கோணல் அகல்களுக்குத்தான் சொசைட்டியில் கிராக்கி என்று நான் நம்புகிறேன். மறுப்பவர்கள் என்னிடம் பேச வேண்டாம்.

தாராவிக்குப் போய்விட்டு அத்தை வீட்டுக்குப் போகாமல் வர முடியுமா? எங்கள் திருநெல்வேலிச் சனம் தோல் ஷாப்பு வேலைக்கும் முறுக்குச் சுடவும் வந்து வேரூன்றிய சந்துகள் அடுத்த பக்கம். தீபாவளிக்கு முந்தின வாரம் வாசலுக்கு வாசல் அடுப்பு, எண்ணெய் வாசனை சந்து முனையிலேயே கழுத்தைப் பிடித்து இழுக்கும். அத்தைக்குக் கைமுறுக்கு ஆர்டர் மலையாகக் கிடக்கும், ஆனாலும் எனக்கென்று முந்திரிக்கொத்து. பாசிப்பயறை வாசம் வர வறுத்து, உடைத்து, தேங்காய்த் துருவலும் எள்ளும் ஏலக்காயும் சேர்த்து, கருப்பட்டிப் பாகை ஊற்றிச் சூடாறுவதற்குள் உருண்டை பிடிக்க வேண்டும். "ஏல, வேடிக்கை பாக்கவா வந்த, பாகு இறுகிரும், கைய விடு!" விட்டேன், சுட்டது, பிடித்தேன். உருண்டைகளை மாவில் தோய்த்து மும்மூன்றாகச் சேர்த்து எண்ணெயில் போட, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கொத்தாக மிதந்து வருகிறது. மேலே மெல்லிய மொறுமொறுப்பு, உள்ளே கருப்பட்டி வாசம். ஒரு டப்பா நிறையக் கட்டித் தருவார். அந்த டப்பாவோடு சேர்த்துத்தான் எங்கள் அகல்கள் பக்கத்து வீடுகளுக்குப் போகும். பதிலுக்கு எதிர்வீட்டிலிருந்து குரோஷா துணி போர்த்திய தட்டில் சிவ்டாவும் சங்கர்பாளியும் கரஞ்சியும் வரும். ஆஜியின் கரஞ்சிக்கு நான் அடிமை.

கடைசியாகக் கந்தில். மாஹிமில் கந்தில் கல்லி என்று ஒரு தெருவே விளக்குக் கூடுகளுக்குப் பேர்போனது, போய்ப் பாருங்கள், வாங்காமலே வயிறு நிறையும். நாங்கள் வீட்டில் கட்டுவோம். மூங்கில் சிம்பை நூலால் முடிந்து சட்டம், மைதாப் பசை காய்ச்சி, பட்டம் விடுகிற மெல்லிய காகிதத்தை ஒட்டி, கீழே வால் தொங்கவிட்டு, உள்ளே பல்பு. பசை காய்கிறதுக்குள் சின்னவள் விரல் பதிந்த இடத்தில் ஓர் ஓட்டை, அதற்கு மேல் ஒரு நட்சத்திரம். இங்கே தீபாவளி தொடங்குகிற வசுபாரஸ் சாயங்காலம் கிரில்லில் கட்டித் தொங்கவிட்டு, சுவிட்சில் கை வைத்துக்கொண்டு, "போடலாமா? போடலாமா?" என்று நான் கத்துகிறேன், அவள் "இருப்பா, இருப்பா" என்று கீழே வாசலுக்கு ஓடுகிறாள், ஆஜி ஜன்னலுக்கு வருகிறார், மாமி வருகிறார், கீழிருந்து "போடு!" என்று சத்தம், போட்டேன், ஆரஞ்சும் பச்சையுமாக வெளிச்சம் காலியாகக் கிடந்த தொட்டிகள்மேல் விழுந்து, சுவரில் விழுந்து, என் மனைவியின் முகத்தில் விழுந்து, கீழே கோட்டை வாசலில் கோணல் அகல்கள் வரிசையாக, உச்சியில் சிவாஜி, பி விங்கில் இன்னொரு கந்தில், ஏ விங்கில் இன்னொன்று, ஒன்று மாற்றி ஒன்று பற்றிக்கொண்டே போக, நான் எங்கள் வீட்டு ஹாலில் தை தை என்று குதித்தேன். கீழ்வீட்டுக்காரர் மேலே வந்து கேட்டார். அவரையும் உட்கார வைத்து முந்திரிக்கொத்து கொடுத்தோம்.

தீபாவளி முடிந்தால் சஷ்டி வருகிறது, செட்டா நகர் முருகன் கோயிலில் கூட்டம் நெரியும். கோட்டை மண் தொட்டிக்குத் திரும்பும், அதில் சாமந்தி வைப்போம். சரி, அது நவம்பர் கதை, விடுங்கள்.

நீங்கள் மும்பைக்காரர் என்றால் ஒரே ஒரு வேண்டுகோள். கும்பார்வாடாவுக்குத் தீபாவளிக்கு முந்தின நாள் போகாதீர்கள், சக்கரம் சுற்றுவதைப் பார்க்கக் கூட்டம் விடாது. இரண்டு வாரம் முன்னால், காலை வெயில் ஏறுகிற நேரத்தில் போங்கள். கெட்டியான துணிப்பையும் பழைய செய்தித்தாளும் எடுத்துப் போங்கள், பேரம் பேசாதீர்கள், வெறும் அகலாகக் கேட்டு வாங்குங்கள். தாராவி முழுவதையும் இடித்துக் கட்டப்போகிறார்கள் என்ற பேச்சு ஓடிக்கொண்டிருக்கிறது. சூளை இருக்கும்போதே ஒரு தடவை பார்த்துவிடுங்கள். காசித்தும்பை விதை வேண்டுமானால் என்னிடம் காலண்டர் தாள் நிறைய இருக்கிறது.